ஸ்டெல்லா சுற்றிய இரண்டாவது வளையம்

1

போன வாரம் என் மகள் லீலாவின் பள்ளியில், ஒவ்வொரு குழந்தையும் எழுந்து நின்று தன் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். லீலா எழுந்து, "அப்பா தோசை சுடுவார். கம்பளி மில்லில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவார். அம்மா குளிர் செய்வாள்" என்று சொல்லியிருக்கிறாள். மாலையில் அவளை அழைத்துவரப் போனேன். வாசலில் ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல அம்மாள். குழந்தைக்குக் கொஞ்சம் கற்பனை அதிகம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இல்லை, அவள் சொன்னது முழுக்க உண்மை என்றேன். என் மனைவியின் வேலை லோ டெம்பரேச்சர் சம்பந்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் விளக்கப் போனேன். இங்கே வந்து பத்து வருஷம் ஆகியும் அந்தச் சொல்லின் வால் என் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. 'லோ டெம்பர்' வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது. முகத்தில் இரக்கம் படர, "வீட்டில் ரொம்பக் கோபப்படுவார்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். லீலா என் கையை இழுத்து, "அப்பா, நான் சொல்கிறேன்" என்று தன் யார்க்ஷயர் ஆங்கிலத்தில் எனக்காகப் பேசி முடித்தாள். எட்டு வயதுப் பெண் எனக்கு மொழிபெயர்ப்பாளர். திரும்பி நடக்கும்போது, வீட்டில் நடப்பதை இனிமேல் வெளியே சொல்லாதே என்று அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் அம்மாவின் கதையில் மறைக்க ஒன்றுமில்லை. அதைத்தான் இந்தக் குறிப்புகளில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மோகனூர் சாலையில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் இளையவன். பெயர் நல்லுசாமி. சேலத்தில் ஒரு பஞ்சு கமிஷன் மண்டியில் எழுத்தராக வேலை கிடைத்தபோது அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கினேன். எதிர்வீட்டில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் இருந்தார். அருளப்பன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வந்தபின் வாசலில் நாற்காலி போட்டு ஆங்கிலப் பத்திரிகை படிப்பார். படித்து முடித்ததும் எனக்குக் கொடுப்பார். அவர் மகள்தான் ஸ்டெல்லா. சென்னையில் பௌதிகம் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தால் அவளே பத்திரிகையைக் கொண்டுவந்து தருவாள். ஓரங்களில் எல்லாம் பென்சிலால் கணக்குப் போட்டிருப்பாள். செய்தியைப் படிக்க முடியாது. ஒருநாள் அதைச் சொன்னேன். "செய்தி நாளைக்கும் வரும்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஐம்பத்தெட்டில் அவளுக்கு இங்கே யார்க்ஷயரில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அடுத்த வருஷம் நானும் கப்பல் ஏறினேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். கோவிலும் இல்லை, மணவறையும் இல்லை. பதிவாளர் குடும்பப் பெயர் கேட்டார். இல்லை என்றேன். எல்லோருக்கும் உண்டே என்றார். என் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறதே என்று காட்டினேன். அவர் பொறுமையாக இன்னொரு தாளை எடுத்தார். கடைசியில் நான் மிஸ்டர் சாமி ஆனேன், ஸ்டெல்லா கடவுச்சீட்டில் அருளப்பனாகவே இருந்தாள், பின்னால் பிறந்த லீலா லீலா நல்லு ஆனாள். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருப்பதாக இந்த நகராட்சி இன்றுவரை நம்புகிறது.

வேறு மதத்தில் கல்யாணம் என்பதால் எங்கள் ஊரில் சிரிக்க ஒருவரும் இல்லை. தலைமையாசிரியர் ஒரு வருஷத்துக்கு மேல் கடிதம் போடவில்லை. லீலா பிறந்த செய்தி போனதும் போட்டார். என் அண்ணன் செங்கோடன் மட்டும் அசையவில்லை. அப்பா காலமான பிறகு அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். என்னைப் படிக்க வைத்தவர். அப்போதுதான் லாரி ஒன்று வாங்கி சேலத்துக்கும் கரூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதும் கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. அண்ணி பாவாயி யாரையோ பிடித்து ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தார்: "அவிங்க கோவத்துல இருக்காங்க சாமி, நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க."

3

ஸ்டெல்லா என்ன செய்கிறாள் என்பதை எனக்கு அவள் வளையலை வைத்துத்தான் விளக்கினாள். ஒரு கண்ணாடி வளையலை எடுத்து, அதன்மேல் நூலைச் சுற்றிக்கொண்டே போனாள். உள்ளே விட்டு வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, வளையல் முழுக்க மூடும்வரை. "இந்த நூல் செப்புக் கம்பின்னு வெச்சுக்குங்க. இதுல மின்சாரம் ஓடினா காந்தப்புலம் எங்க இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. "வளையலுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும். வெளியில ஒரு துளி வராது. பக்கத்துல திசைகாட்டி வெச்சாக்கூட அசையாது."

வெளியே ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. சாதாரணக் காந்தத்துக்கு வடக்கு தெற்கு என்று ஒரு திசை இருப்பதுபோல, வளையத்தின் நடு ஓட்டை பார்க்கும் பக்கமாக இதற்கும் ஒரு திசை உண்டு. கம்பியை வலமாகச் சுற்றினால் ஒரு பக்கம், இடமாகச் சுற்றினால் எதிர்ப்பக்கம். டொராய்டல் மொமெண்ட் என்று அதற்குப் பெயர். நான் வளையத் திருப்பம் என்று சொல்லிக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன்புதான் ரஷ்யாவில் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருந்தாராம்.

இனி குளிர் எங்கே வருகிறது என்று பார்ப்போம். வெள்ளீயம் போன்ற சில உலோகங்களை ஹீலியத் திரவத்தில் அமிழ்த்திக் குளிரவைத்தால், ஒரு கட்டத்தில் அவை மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் விடுகின்றன. மீக்கடத்தி என்பார்கள். அதில் ஒருமுறை கிளப்பிவிட்ட மின்னோட்டம் நிற்காது. இன்னொன்று, காந்தப்புலத்தைத் தன் உடம்புக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளிவிடும். காந்தத்துக்கு இவ்வளவு கூச்சப்படும் பொருள், வெளியே காந்தமே காட்டாத ஒரு வளையத்தின் பக்கத்தில் இருந்தால் அதற்கு ஏதாவது தெரியுமா? இதுதான் அவள் கேள்வி. ஒன்றும் தெரியக்கூடாது என்பது ஏற்கப்பட்ட கருத்து. சோதித்துப் பார்க்கலாமே என்று அவள் பேராசிரியர் சொன்னார்.

எனக்கு இதில் புரிந்தது கொஞ்சம். ஆனால் தினமும் காலையில் அவளுக்கு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து, லீலாவைத் தள்ளுவண்டியில் வைத்து, பனிமூட்டத்தில் மூவரும் நடந்து போவோம். ஆய்வகத்தின் வாசலில் அவள் பிரிவாள். நான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு மில்லுக்குப் போவேன். அந்த வருஷங்களில் எங்களுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள்கூட டாக்டர் சாமி என்று என் பெயருக்குத்தான் வரும். அவருடைய காரியதரிசிக்கு, விஞ்ஞானி நானாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணம்.

4

அறுபத்து மூன்றில் ஒரு மாலை, ஸ்டெல்லா கோட்டைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள்.

"புள்ளி நகர்ந்துச்சுங்க."

கால்வனாமீட்டர் என்ற கருவி, மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓர் ஒளிப்புள்ளியாக அளவுகோலின் மேல் காட்டும். வளையத்தின் பக்கத்தில் இருந்த வெள்ளீயத் துண்டு குளிர்ந்து மீக்கடத்தியாக மாறிய நொடியில் அந்தப் புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. வளையத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்தால் நகரவில்லை. மறுபடி கொடுத்தால் நகர்கிறது. வாரக்கணக்காகச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே.

பேராசிரியர் அமைதியான மனிதர். அவரே அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஷெர்ரி ஒயின் ஊற்றிக் கொடுத்தாராம். வெளியே ஒன்றும் காட்டாத வளையத்தை மீக்கடத்தி உணர்கிறது என்றால் பெரிய விஷயம். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பையன் வந்து படம் எடுத்தான். சேலையில் ஸ்டெல்லா, பக்கத்தில் புகை கக்கும் ஹீலியம் ஜாடி. அவள் அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அவர் அதைத் தமிழ்ப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் காட்ட, சேலத்துப் பெண்ணின் உலக சாதனை என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. கோவிலில் சாமியார் பூசை முடிந்ததும் அறிவித்தாராம்.

பிறகு வந்த மாமனாரின் கடிதத்தை நான் நின்றுகொண்டே படித்தேன். ஒரு லாரி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதாம். வேட்டி கட்டிய ஒருவர் இறங்கி, ஒரு பூவன் பழத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, "ஏனுங்க, நானுங்க செங்கோடன். நல்லுசாமியோட அண்ணன். பேப்பர்ல பாத்தனுங்க" என்றாராம். உட்காரச் சொல்லியும் வெகுநேரம் உட்காரவில்லையாம். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது, "நம்மூட்டுப் புள்ளைங்க அது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நாலு வருஷம் என் கடிதத்தைப் பிரிக்காத அண்ணன். அன்று தோசை கருகியதுகூடத் தெரியாமல் நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கடிதத்துக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. ஸ்டெல்லா அப்போது சந்தோஷப்பட்டாள். ஆனால் அவளுக்குத் தூக்கம் சரியில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

5

அவளை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். வளையத்தைச் சுற்றிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போகும்போது, அந்தக் கம்பி வளையத்தின் போக்கிலேயே ஒரு முழு வட்டமும் சுற்றி வந்துவிடுகிறதல்லவா? நூறு நூறாகச் சுற்றிய சுற்றுகள் எல்லாம் காந்தத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். இந்த ஒரே ஒரு பெரிய சுற்று மட்டும் சாதாரணக் காந்தம்போல் வெளியே கசியும். அதை அடக்குவதற்காக, எதிர்த்திசையில் திரும்பி ஓடும் ஒரு கம்பியை வளையத்தின் வெளி ஓரமாக வைத்திருந்தார்கள். அது போதும் என்று பேராசிரியர் உள்பட எல்லோரும் நினைத்தார்கள். போதவில்லை என்றால்? மீதி இருக்கும் துளிக் காந்தத்தைத்தான் வெள்ளீயம் தள்ளிவிடுகிறது என்றால்?

"அப்படின்னா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"இன்னொரு வளையம் சுத்தணும். எல்லாம் அதே மாதிரி. கம்பி போற வழியும் அதே. ஆனா உள்ள விட்டு வெளிய எடுக்கிறதை மட்டும் எதிர்க் கையில சுத்தணும். அப்ப வளையத் திருப்பம் எதிர்ப்பக்கமாயிடும். கசியற காந்தம் மட்டும் பழையபடியே இருக்கும். நிஜமாவே வளையத்தைத்தான் வெள்ளீயம் உணர்ந்திருந்தா, புள்ளி வலப்பக்கம் போகணும்."

"இடப்பக்கமே போனா?"

 அவளுடைய உதவித்தொகையைப் புதுப்பிக்கும் குழு அந்த மாதக் கடைசியில் கூடவிருந்தது. மாநாடு அதற்கு அடுத்த மாதம். ஒருவரும் அவளை இந்தச் சோதனை செய்யச் சொல்லவில்லை. அந்த வளையத்தைச் சுற்ற அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஒரு இடத்தில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை அறுந்தது. நான் ஒருநாள், மாநாடு முடிந்த பிறகு செய்தால் என்ன என்று கேட்டேன். கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. எனக்கு என் அண்ணன் நினைவு. அவள் என்னைக் கோபிக்கவில்லை. "அப்பவும் அது இதேதான் சொல்லும்ங்க. நடுவுல நான் பொய் சொன்னவளா இருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

ஹீலியம் கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை செய்தாள். புள்ளி இடப்பக்கமே போனது. முன்பு போன அதே அளவு.

வளையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்டுபிடிப்பு என்று ஒன்று இல்லை.

அவள் நேரே பேராசிரியர் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை எனக்கு வீட்டில் சொன்னாள். அவர் அவளுடைய தாளை வெகுநேரம் பார்த்தாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "எதிர்க் கையில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்" என்றாராம். பிறகு அவள் எதிரிலேயே மாநாட்டுக்குத் தந்தி எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவள்மேல் அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. குழுவுக்கும் அவளைப் பாராட்டித்தான் எழுதினார். ஆனால் குழுவின் முன் வைக்க முடிவு என்று ஒன்று இல்லையே. உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. இந்தத் தகவலை எங்களுக்குத் தெரிவித்த கடிதமும் டாக்டர் சாமிக்குத்தான் வந்தது.

6

அதற்குப் பிந்திய ஒரு வருஷத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஸ்டெல்லா வீட்டில் இருந்தாள். லீலாவுக்கு அம்மா பகலெல்லாம் கிடைத்தாள். அது ஒன்றுதான் லாபம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒருவர் அவளைப் பார்த்து, தட்டச்சு தெரியுமா என்று கேட்டார். தெரியாது, மீக்கடத்தி தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அதை எப்படி எழுதிக்கொண்டாரோ, ஒரு மின்சாரச் சாமான் கடையில் விற்பனைப் பெண் வேலைக்கு அழைப்பு வந்தது.

அந்த வருஷத்தில்தான் லீலா தமிழை விட்டாள். அம்மா சோர்ந்து படுத்திருக்கும்போது எதிர்வீட்டுக் குழந்தைகளோடு விளையாடப் போவாள். திரும்பி வரும்போது அவர்கள் பேச்சோடு வருவாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அப்போது எங்களுக்கு அதைத் தடுக்கத் தெம்பில்லை.

பிறகு ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பௌதிகம் நடத்த ஆள் வேண்டும் என்று பேராசிரியர்தான் சொல்லி அனுப்பினார். இன்றும் அங்கேதான் வேலை. சனிக்கிழமைகளில் தன் பழைய ஆய்வகத்துக்கு வந்து வேலையை முடிக்கலாம் என்றும் அவர் சொன்னார். சம்பளம் கிடையாது. ஹீலியம் மிச்சமிருந்தால் வேலை உண்டு.

மூன்றாவது வளையம் சுற்றினாள். இந்தமுறை திரும்பும் கம்பியை ஓரத்தில் வைக்காமல், வளையத்தின் நட்ட நடுவே ஓடவிட்டாள். அப்போதுதான் கசிவு முழுக்க அடங்கும். அந்தச் சனிக்கிழமை நானும் லீலாவும் அங்கே இருந்தோம். வெள்ளீயம் குளிர்ந்தது. ஸ்டெல்லா அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அவளுக்குப் பின்னால் நின்றார். புள்ளி அசையவில்லை. இன்னும் குளிரவைத்தார்கள். அசையவில்லை. அவள் மெல்ல நாற்காலியில் சாய்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மா, உடைந்துவிட்டதா?" என்று லீலா ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லைடி, சரியா இருக்கு" என்றாள்.

அடுத்த மாதம் இன்னொன்றும் செய்தாள். வெள்ளீயத்தை வளையமாக்கி, சங்கிலிக் கண்ணிபோல அந்தச் சுருளின் ஓட்டைக்குள் கோத்துவிட்டாள். குளிர்ந்தபின் சுருளுக்கு மின்சாரம் கொடுத்ததும், இப்போது வெள்ளீயத்தில் மின்னோட்டம் கிளம்பியது. ஹீலியம் தீரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது, கோத்துக்கொண்டால் தெரியும். அதுதான் சரியான விடை. முன்பே எதிர்பார்த்த விடையும் அதுதான். இரண்டு பக்கக் கட்டுரையாக வந்தது. எந்தப் பத்திரிகைக்காரரும் படம் எடுக்க வரவில்லை.

ஊருக்கு மட்டும் இது எதையும் நாங்கள் எழுதவில்லை. கடிதத்தில் சொன்னால் தப்பாகப் போய்விடும், நேரில் சொல்லலாம் என்று ஸ்டெல்லா சொன்னாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

7

அறுபத்தாறு கோடையில் ஊருக்குப் போனோம். பம்பாய் வரை கப்பல், அங்கிருந்து ரயில். அஸ்தம்பட்டியில் மாமனார் வீட்டில் இறங்கிய அன்றே ஸ்டெல்லா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் பள்ளி ஆசிரியர், கேட்டுக்கொண்டார். "கணக்குத் தப்புன்னு நீயே அடிச்சுட்டே. நல்லது" என்றார். ஆனாலும் அன்று மாலை நடக்கப் போகாமல் உள்ளேயே இருந்தார்.

மறுநாள் அண்ணன் லாரியோடு வந்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மீசை நரைத்திருந்தது. என்னைப் பார்க்காமல் லீலாவைத் தூக்கிக்கொண்டார்.

"சாமி, ஊட்டுக்குப் போலாமா சாமி?"

லீலா என் பக்கம் திரும்பி, "சாமி என்றால் கடவுள் என்றுதானே அம்மா சொன்னாள்? இவர் ஏன் என்னைக் கடவுள் என்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டிரைவர் ஓட்ட, முன்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் வரை வந்தார். வழியெல்லாம் டீக்கடை, பெட்ரோல் பங்க் என்று நிறுத்தி, "பேப்பர்ல வந்துச்சல்ல, அவிங்கதானுங்க" என்று எல்லோருக்கும் ஸ்டெல்லாவைக் காட்டினார். அவள் ஒவ்வொரு முறையும் கைகூப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மதியம் சாப்பிடும்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஸ்டெல்லாவுக்குப் பாராட்டுக் கூட்டம். பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டது. மைக் செட்டும் வருகிறது. சொந்தக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறார்.

ஸ்டெல்லா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பேப்பர்ல வந்தது சரியில்லைங்க. அது தப்புன்னு அப்புறம் தெரிஞ்சுபோச்சு."

"என்னுங்க தப்பு?"

"நான் கண்டுபிடிச்சதா சொன்னேன் இல்லைங்களா, அது இல்லைங்க. வேற காரணம்."

அண்ணனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "பேப்பர்காரன் தப்பாப் போட்டுட்டானுங்களா?"

"இல்லைங்க. நாங்க சொன்னதைத்தான் போட்டாங்க. நாங்கதான் தப்பு."

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பத் தெரிஞ்சுச்சுங்க?"

"மூணு வருஷம் ஆச்சுங்க."

"மூணு வருசம்." என் பக்கம் திரும்பினார். "ஏண்டா நல்லு, மூணு வருசமா நீ ஒரு வார்த்தை எழுதுல. நான் இந்தச் சீமை பூராவுஞ் சொல்லிட்டுத் திரியறன். நாளைக்கு அத்தன சனம் வருது. எட்மாஸ்டர் கிட்ட என்னன்னு சொல்றது? உங்கண்ணன் பொய்க்காரன்னு போர்டு எளுதி மாட்டட்டுமா?"

எழுந்து வெளியே போய்விட்டார். லாரியின் கதவைப் படீரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அண்ணி தடுத்தார். "இப்பப் போவாதீங்க சாமி. உடுங்க. அவிங்களுக்கு மனசு ஆறோணும்." பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பி, "அம்மிணி, நீங்க ஏன் சோத்த உட்டுட்டு எந்திரிச்சீங்க? இன்னொருக்கா போட்டுக்குங்க" என்றார்.

அன்று மாலை வரை அண்ணன் வரவில்லை. நாங்கள் சேலத்துக்குத் திரும்பிவிடலாமா என்று நான் கேட்டேன். ஸ்டெல்லா அண்ணியோடு சமையலறையில் இருந்தாள். பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கிற பிரிமணையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோலை வளையமாக்கி, அதன்மேல் வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டே போன வளையம்.

"அக்கா, இதே மாதிரி இன்னொண்ணு வேணும். ஆனா எதிர்க் கையில சுத்தணும்."

"எதிர்க் கையிலயா? எதுக்குங்க அம்மிணி?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல காட்டணும்."

"போறீங்களா அப்ப?"

"சனம் வருதுங்களே" என்றாள் ஸ்டெல்லா.

அண்ணிக்குக் கை பழகவில்லை. சுற்றியதைப் பிரித்துப் பிரித்து, இருவரும் சிரித்துக்கொண்டு, லீலா வைக்கோலைத் தலையெல்லாம் போட்டுக்கொண்டு ஓட, ஒருவழியாக முடித்தார்கள்.

8

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை முற்றத்தில் போட்டிருந்தார்கள். அண்ணன் வந்திருந்தார். முன்வரிசையில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் உட்காராமல், பின்னால் வேப்பமரத்தடியில் நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மாலை போட்டு, பத்திரிகையில் வந்ததை உரக்கப் படித்தார். கைதட்டினார்கள்.

ஸ்டெல்லா மைக் அருகே போனாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இப்ப ஐயா படிச்சது தப்புங்க. ஏன் தப்புன்னு காட்டறதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் இரண்டு பிரிமணையையும் தூக்கிக் காட்டினாள். பெண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வைக்கோல் பிரிதான் கம்பி. காந்தம் உள்ளேயே சுற்றும், வெளியே வராது. ஆனால் பிரியைச் சுற்றிக்கொண்டே நான் வளையத்தையும் ஒருமுறை சுற்றிவிட்டேன், பாருங்கள், அது வெளியே கசியும். முதல் வளையத்தில் புள்ளி இந்தப் பக்கம் போனது. எதிர்க் கையில் சுற்றிய இரண்டாவது வளையத்திலும் அதே பக்கம் போனது. திருப்பிச் சுற்றியும் திரும்பவில்லை என்றால், வளையம் காரணம் இல்லை. எனக்கு ஏழு வருஷத்தில் முதல்முறையாக முழுக்கப் புரிந்தது. முன் பெஞ்சில் இருந்த ஆசிரியர்கள் இருவர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். லாரிக்காரர்கள் சிலர் எழுந்து போனார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள்.

பாவாடை தாவணி போட்ட ஒரு மாணவி எழுந்து, "நீங்க ரெண்டாவது வளையம் சுத்தாமலே இருந்திருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப உங்க வேலை?"

"போயிருக்காது. போச்சு."

அந்தப் பெண் கேட்டது போதும் என்று உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, "வருத்தமா இல்லைங்களா?" என்றாள்.

ஸ்டெல்லா பிரிமணையை மேசையில் வைத்தாள். மைக்கில் காற்று இரைந்தது. "இருந்துச்சும்மா. ரொம்ப இருந்துச்சு" என்றாள்.  யாரோ தொடங்க, கைதட்டினார்கள். முதலில் தட்டியதுபோல் பலமாக இல்லை, ஆனால் வெகுநேரம் தட்டினார்கள்.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அண்ணன் அங்கே இல்லை.

வீட்டிலும் அவர் அதிகம் பேசவில்லை. இருந்த இரண்டு வாரமும் லீலாவோடு கிணற்றுமேட்டில் இருப்பார், லோடு இருந்தால் போய்விடுவார். புறப்படும் நாளில் அவரே லாரியில் சேலம் ஜங்ஷனுக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டார். ரயில் வர நேரமிருந்தது. அவருக்குப் பழக்கமான பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டார்.

"ஏனுங்க செங்கோடன், பேப்பர்ல வந்தாங்களே, அவங்களா இவங்க? எதோ பெருசாக் கண்டுபுடிச்சாங்களாமே?"

 ஸ்டெல்லா பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க, இவங்கதானுங்க. அதுல வந்தது அத்தனையுந் தப்புங்க. பெரிய பெரிய புரொபசரெல்லாம் சரின்னுட்டாங்க. தப்புன்னு கண்டுபுடிச்சது நம்ம அம்மிணிதானுங்க. வேலையே போச்சுங்க அதுல."

பார்சல் ஆபீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். ரயில் வந்தது. அண்ணன் எங்கள் பெட்டிகளை ஏற்றி, லீலாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கீழே இறங்கி நின்றுகொண்டார். நகரத் தொடங்கியதும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார்.

"பெரியப்பா அந்த ஆளிடம் என்ன சொன்னார்?" என்று லீலா ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா என் கையைத் தொட்டு நிறுத்தினாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல், அவர் சொன்ன தமிழிலேயே சொன்னாள். லீலாவுக்குப் பாதி புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். ஸ்டெல்லா மறுபடியும் சொன்னாள்.